சிஸ்டர் ஐவரினின் வலது கால்

கம்ஃபர்ட் ஹில் ஓய்வுநாள் சபையில் பெண்கள் பக்கத்துக் கால் கழுவும் சடங்குக்கு இருபது வருஷமாகப் பொறுப்பு சிஸ்டர் ஐவரின் ஃபேசிதான். பதிமூன்று வாரத்துக்கு ஒருமுறை, அப்பமும் திராட்சரசமும் எடுக்கும் திருவிருந்துக்கு முன்னால், ஆண்கள் ஓர் அறையிலும் பெண்கள் இன்னோர் அறையிலும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததை நாமும் செய்கிறோம், மனசில் யார் மேலாவது கசப்பு இருந்தால் அந்தத் தண்ணீரோடு போய்விடட்டும் என்பது ஏற்பாடு.

ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கம்ஃபர்ட் ஹில் பெண்கள் லேசுப்பட்டவர்களா? வெள்ளிக்கிழமையே வீட்டில் காலைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, புதுக் காலுறை மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். அழுக்குக் காலை யாரும் சபைக்குக் கொண்டு வந்ததாகச் சரித்திரமில்லை. அதேபோல, பிடிக்காதவளோடு யாரும் ஜோடி சேர்ந்ததுமில்லை. உயிர்த்தோழியின் சுத்தமான காலை உயிர்த்தோழி கழுவுவாள், இருவரும் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுவார்கள். கசப்பு மட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

ஐவரினின் ஜோடி சிஸ்டர் ஹயசிந்த். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தவர். கழுவுவது காலா, பலகையா என்று கையால் தடவித்தான் கண்டுபிடிப்பார். அந்த வருஷம் ஐவரினுக்கு அதைவிடத் தோதான ஜோடி கிடைத்திருக்க முடியாது.

காரணம் வலது காலின் நான்காவது விரல். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய செருப்பு கடித்து, துவரம்பருப்பு அளவில் ஒரு கொப்புளம் வந்தது. உடைந்தது. ஆறவில்லை. ஐவரினுக்குச் சர்க்கரை உண்டு. அவள் அண்ணன் எக்பர்ட்டுக்கும் இருந்தது. அவருக்கு முதலில் ஒரு விரல் போயிற்று, பிறகு பாதம், பிறகு முழங்காலோடு கால், கடைசியில் ஆளே போய்விட்டார். ஆகவே ஆறாத புண் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தெரிந்துதான் கற்றாழைச் சோற்றை வைத்துக் கட்டினாள். வேலியில் படர்ந்த செரசி என்ற காட்டுப் பாகற்கொடியைக் காய்ச்சி, கசக்கக் கசக்கக் குடித்தாள். ஜூன் மாதம் வந்தபோது விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

கிளினிக் ஒன்றும் கடல் கடந்து இல்லை. அவள் வீட்டு வாசலில் நின்று தும்மினால் அங்கே கேட்கும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது நர்ஸ் டெல்ரோஸ் மைரி. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "கட்டு மாற்ற உங்கள் ஊர் கிளினிக்குக்குப் போங்கள்" என்றுதான் சீட்டு எழுதித் தருவார்கள். சுற்றிச் சுற்றி டெல்ரோஸ் கையில்தான் போய் நிற்க வேண்டும். அதற்கு விரல் அழுகினாலும் பரவாயில்லை என்பது ஐவரினின் கட்சி.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் சபை வாசலில் எதிர்ப்பட்டால் மட்டும், "சந்தோஷமான ஓய்வுநாள், சிஸ்டர் மைரி", "சந்தோஷமான ஓய்வுநாள், சிஸ்டர் ஃபேசி" என்பார்கள். அதைச் சொல்லாமலிருந்தால் பாவம். சொல்லும்போது பல்லைக் கடித்தால் பாவமா என்று எங்கும் எழுதவில்லை.

சண்டை ட்ரம்ஸால் வந்தது. டெல்ரோஸின் மகன் டெவான், இரண்டு கோடைகாலம் கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, ஒரு ட்ரம் செட் வாங்கிச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். சபை இரண்டாகப் பிளந்தது. ஆர்கன் போதும், கொட்டுச் சத்தம் கூத்துக் கொட்டகைக்குத்தான் லாயக்கு என்று ஒரு கூட்டம். ஆண்டவர் செவிடில்லை என்றாலும் சந்தோஷச் சத்தம் கேட்டால் கோபிக்க மாட்டார் என்று இன்னொரு கூட்டம். ஆர்கன் கட்சி வலது வரிசைகளிலும் ட்ரம் கட்சி இடது வரிசைகளிலும் உட்கார ஆரம்பித்தது. நடுவிலிருந்த பாதையைத் தாண்டுவது செங்கடலைத் தாண்டுவது மாதிரி ஆகிவிட்டது.

ட்ரம் கட்சிக்குத் தலைமை டெல்ரோஸ், ஆர்கன் கட்சிக்கு ஐவரின். சபைச் சாவிக்கொத்தும் அவள் இடுப்பில்தான். ஓர் அக்டோபர் வெள்ளிக்கிழமை தரை துடைப்பதற்காக ட்ரம்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே, தன் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் தெரிகிற சீமைப்பலா மரத்தடியில் வைத்தாள். மழை கொட்டியது. இரண்டு மணி நேரம். மரம் ஊதி, தோல் தொய்ந்து, ட்ரம்ஸ் ஊறப்போட்ட ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. "மழை வரும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று ஐவரின் சபைக் கூட்டத்தில் கேட்டாள். "சாவிக்கொத்து மாட்டின பரிசேயி, வெளிவேஷக்காரி!" என்று டெல்ரோஸ் எல்லோர் முன்னாலும் சொன்னாள். டெவான் ட்ரம்ஸைத் தொட்டுப் பார்த்தான். அடுத்த வாரம் கடற்கரை ஊரான மான்டிகோ பேக்குப் போய், ஒரு ஓட்டலில், ஓய்வுநாள் தொடங்குகிற வெள்ளிக்கிழமை ராத்திரியிலேயே, கச்சேரிக்கு ட்ரம் வாசிக்கச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எந்தச் சபை வாசலையும் மிதிக்கவில்லை.

டெல்ரோஸ் பரிசேயி என்று சொன்னதை ஐவரின் நாலு வருஷமாக மறக்கவில்லை. மழையை மட்டும் மறந்துவிட முயற்சி செய்துகொண்டிருந்தாள்.

இப்படியிருக்க, ஜூன் மாதத் திருவிருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிஸ்டர் ஹயசிந்த் ஃபுளோரிடாவுக்குக் கிளம்பினார். மகள் கூப்பிட்டிருக்கிறாளாம், கண்ணுக்கு ஆப்பரேஷனாம்.

"இத்தனை வருஷம் இல்லாத பார்வை இப்ப எதுக்கு சிஸ்டர்?" என்று ஐவரின் கேட்டே விட்டாள்.

"திரும்பி வந்து உன் முகத்தை நல்லாப் பாக்கணும் ஐவரின்," என்றார் ஹயசிந்த். "முகத்தை மட்டுமில்லை, தலையிலேருந்து கால் வரைக்கும்."

ஐவரின் வலது காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். சரி, வழி இல்லாமலா போகும்? சபையின் தலைமை உதவிக்காரியான தனக்கு வெந்நீர் ஊற்றவும் துண்டு கொடுக்கவுமே நேரம் சரியாக இருக்கும், "ஊழியத்திலிருந்தேன், உட்கார முடியவில்லை" என்றால் யார் கேட்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டாள்.

கேட்க ஒரு ஆள் வந்தார். புதுப் போதகர் லிண்டோ. முப்பத்திரண்டு வயது, ஆறு சபைக்குச் சேர்த்து ஒரே போதகர், எங்கள் மலைக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவைதான் தலைகாட்டுவார். நடந்த சண்டையை யாரோ அவர் காதில் ஓதியிருக்க வேண்டும். திருவிருந்து நாளன்று பிரசங்கம் முடிந்ததும், நடுப்பாதையில் இறங்கி நின்றுகொண்டார்.

"இன்னைக்கு ஒரு சின்ன மாற்றம்," என்றார். "வலது பக்கம் உக்காந்திருக்கிறவங்க வலது பக்கத்து ஆளோட ஜோடி சேரக்கூடாது. இடது பக்கமும் அப்படித்தான். பாதையைத் தாண்டிப் போய் ஆள் புடிங்க."

சபையில் ஒரு 'ஆமென்' எழும்பவில்லை. மூப்பர் கார்கில் மட்டும் இருமினார்.

"தண்ணி ஊத்துறவங்களும்தான்," என்றார் போதகர், ஐவரினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "நீங்க ஊத்த வேண்டாம் சிஸ்டர். அவங்கவங்க மொண்டுக்கட்டும்."

சின்னப் பையன், பால் மணம் மாறவில்லை, மனுஷர் வாழ்க்கை தெரியுமா இவனுக்கு என்று ஐவரின் மனசுக்குள் திட்டினாள். திட்டிவிட்டு, இது திருவிருந்து நாள் என்பது ஞாபகம் வந்து, அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பெண்களுக்கு ஒதுக்கியது பின்னாலிருந்த சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை. அங்கே நடந்ததைப் பார்த்தால் சந்தைக்கூட்டம் தோற்றுவிடும். எல்லோருக்கும் ஒரே கவலை. எதிர்க்கட்சியில் இருப்பதிலேயே கொஞ்சம் கம்மியான எதிரி யார்? சிஸ்டர் பான்ஸி ஒரு கையில் துண்டும் ஒரு கையில் செருப்புமாக ஓடினாள். இருவர் ஒரே ஆளை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முகத்தில் கிறிஸ்தவப் புன்னகையோடு நின்றார்கள்.

ஐவரினும் குறி வைத்திருந்தாள். ட்ரம் கட்சியில் சிஸ்டர் ஊனா என்று ஒரு நல்ல ஆத்மா உண்டு. ஜெபிக்கக் கண்ணை மூடினால் அரைமணி நேரம் திறக்க மாட்டாள். ஐவரின் பேசின் பாத்திரத்தில் வெந்நீரை நிரப்பிக்கொண்டு, நொண்டாமல் நடக்க முயன்று நொண்டி, அவளை நோக்கிப் போனாள். நாலு எட்டு இருக்கும்போது பான்ஸி குறுக்கே பாய்ந்து ஊனாவைக் கொத்திக்கொண்டு போய்விட்டாள்.

கையிலிருந்த பேசினை யாரோ வாங்கினார்கள். திரும்பிப் பார்த்தாள். டெல்ரோஸ் மைரி.

"உக்காருங்க சிஸ்டர் ஃபேசி."

"பரவாயில்லை சிஸ்டர் மைரி. உங்களுக்கு வேற யாராவது..."

"வேற யாரும் மிச்சமில்லை. உக்காருங்க."

சின்னப் பிள்ளைகளின் நாற்காலி. ஐவரின் அதில் உட்கார்ந்ததும் முழங்கால் முகவாய்க்கு வந்தது. டெல்ரோஸ் தரையில் மண்டியிட்டு, துண்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள். ஐவரின் இடது காலை நீட்டினாள். டெல்ரோஸ் கழுவினாள். துடைத்தாள். நல்ல கை என்பதை ஐவரின் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அடுத்த கால்."

"ஒண்ணு போதும் சிஸ்டர். நேரமாகுது."

"ஆண்டவர் சீடருங்களுக்கு ஒத்தைக் காலாவா கழுவினாரு?"

"எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு."

"எனக்கு நிறையலை," என்று சொல்லி, டெல்ரோஸ் வலது காலைப் பிடித்துவிட்டாள். கெட்டியான கறுப்புக் காலுறை. உள்ளே பஞ்சு. ஐவரின் காலை இழுத்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஊசி போட்ட கை, அதனிடமிருந்து காலை இழுக்க முடியுமா? காலுறை உருண்டு இறங்கியது. பஞ்சு வந்தது.

டெல்ரோஸ் குனிந்து பார்த்தாள். அவள் மூக்கு ஒரு தடவை விரிந்தது. பிறகு, தண்ணீர் படாமல் அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள்.

"எப்போலேருந்து?"

"போன வாரம்."

"ஐவரின்."

நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து தன் பெயர் வந்ததும் ஐவரினுக்கு அடுத்த பொய் வரவில்லை. "கிறிஸ்துமஸ்," என்றாள்.

"அங்க ஏதாவது பிரச்சினையா சிஸ்டர்?" என்று பக்கத்திலிருந்து பான்ஸி கழுத்தை நீட்டினாள். பான்ஸிக்குத் தெரிந்தால் மலையடிவாரம் வரைக்கும் தெரிந்த மாதிரி.

டெல்ரோஸ் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்லை. ஜெபம் பண்றோம்."

வேறு வழி? ஐவரினும் கண்ணை மூடி, தலையைக் குனிந்தாள். இரண்டு நெற்றியும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன.

"அறிவிருக்கா உனக்கு?" என்று டெல்ரோஸ் ஜெபக் குரலில் ஆரம்பித்தாள். "எக்பர்ட் அண்ணன் காலு எப்படிப் போச்சுன்னு பாத்தவதானே நீ? சவப்பெட்டிக்கு ஒத்தைச் செருப்பு போதும்னு அழுதவதானே?"

"மெதுவாப் பேசு."

"இதுல என்ன வெச்சுக் கட்டினே?"

"கற்றாழை."

"கற்றாழை! ரோட்டுக்கு அந்தாண்ட கிளினிக் இருக்கு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வர்றே."

"செத்தாலும் உன் கிளினிக்குக்கு வரமாட்டேன்."

"செத்தா வர வேண்டாம். அதுக்கு முன்னாடி வா."

"என்னைப் பரிசேயின்னு சொன்னவகிட்டே நான்..."

"பரிசேயிக்கும் சர்க்கரை வரும்டி. வாயை மூடிட்டுக் கேளு. விரல் போயாச்சு, அதை எழுதி வெச்சுக்கோ. பாதத்தையாவது காப்பாத்தணும். வர்றியா இல்லையா?"

ஐவரினின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. பயம்தான், வேறொன்றுமில்லை. ஆறு மாதம் தனியாகவே சுமந்த பயம். அதை ஒருத்தி மடியில் வாங்கி வைத்துக்கொண்டு திட்டியதும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அறையில் பாட்டு நின்றிருந்தது. எல்லோரும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கன் கட்சித் தலைவியும் ட்ரம் கட்சித் தலைவியும் நெற்றியோடு நெற்றி வைத்து, கண்ணீர் விட்டு ஜெபிக்கிறார்கள்! சிஸ்டர் ஊனா விம்மினாள். "அல்லேலூயா!" என்று பான்ஸி கத்தினாள். அந்தச் சத்தத்தில் அடுத்த அறையிலிருந்த ஆண்கள் பாதிக் காலில் காலுறையோடு எட்டிப் பார்த்தார்கள்.

ஐவரின் எழுந்தாள். இப்போது அவள் முறை, டெல்ரோஸின் காலைக் கழுவ வேண்டும். மண்டியிடப் போனவளை டெல்ரோஸ் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மண்டி போட்டா அந்த விரல்ல பாரம் விழும். உக்காரு."

"அப்ப உன் காலு?"

"அடுத்த தடவை. பதிமூணு வாரம் இருக்கு."

"அதெப்படி? ஒத்தைக் காலைத்தான் நீ கழுவினே, நான் கழுவவே இல்லை. இது செல்லுமா? நான் அப்பத்தை எடுக்கலாமா?"

"ஆண்டவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எடு," என்றாள் டெல்ரோஸ்.

இருபது வருஷம் ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியவள், யார் காலையும் கழுவாமல், தன் காலை மட்டும் கழுவ வைத்துக்கொண்டு போனாள். திருவிருந்து அப்பம் தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளினிக் பெஞ்சில் ஐவரின் இருந்தாள். எட்டேகாலுக்கு டெல்ரோஸ் சீட்டு எழுதி, பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். விரலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் பாதம் என்று டாக்டர் சொன்னார். டெல்ரோஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் கட்டு மாற்ற வேண்டும். கட்டு மாற்றும்போது வாய் சும்மா இருக்குமா? மாம்பழம் தின்றதற்கு ஒரு நாள் திட்டு, செருப்பில்லாமல் முற்றத்தில் நடந்ததற்கு ஒரு நாள் திட்டு. விரலிடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது, ஒவ்வொரு விரலாகத் துடைக்க வேண்டும் என்று முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். எல்லாம் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பென்சிலைக் கடித்துப் பாதியாக்கியதைக் கூடப் பேசினார்கள். ட்ரம்ஸைப் பற்றி மட்டும் பேச்சு வரவில்லை. மேஜைமேல் டெவானின் போட்டோ இருந்தது. ஐவரின் எப்போதும் அதற்கு முதுகு காட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இதற்கிடையில் அவர்கள் புகழ் பரவிவிட்டது. போதகர் லிண்டோ அந்த நெற்றியோடு நெற்றி ஜெபத்தை ஆறு சபையிலும் சாட்சியாகச் சொல்லிவிட்டார். கீழ்ச்சபையிலிருந்து இரண்டு பெண்கள் ஐவரினைப் பார்க்கவென்றே வந்தார்கள். "எப்படி சிஸ்டர் மன்னிச்சீங்க?" என்று கேட்டார்கள். யாரை யார் மன்னித்தது? ஐவரினுக்குக் காது சுட்டது. சமாதானம் ஆகாமலேயே சமாதானத்துக்குப் பேர் வாங்கியவர்கள் இவர்கள் இருவராகத்தான் இருப்பார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையே இன்னும் ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை. விரல் போன இடம் ஆறி வர வர, உள்ளே அந்த மழை உறுத்தத் தொடங்கியது. புண்ணை மறைக்கிற மாதிரி இதையும் மறைத்தால் இதுவும் கறுத்துப்போகும் என்று அவளுக்கே தெரிந்தது.

செப்டம்பர் திருவிருந்து வந்தது. அதே வகுப்பறை, அதே சின்ன நாற்காலிகள். சபையில் இரண்டு கட்சி வரிசைகளும் கொஞ்சம் கலந்திருந்தன. முழுவதும் அல்ல. பான்ஸி இன்னும் ஊனாவை விடவில்லை. டெல்ரோஸ் முதலில் ஐவரினின் இரண்டு காலையும் கழுவினாள், ஒன்பது விரலையும் துடைத்தாள். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். மண்டி போட அனுமதி கிடைக்கவில்லை. எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டு ஐவரின் உட்கார்ந்து, டெல்ரோஸின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெடித்த குதிகால், புடைத்த நரம்பு. முப்பது வருஷம் இந்த மலையில் வீடு வீடாக ஏறி இறங்கிய கால்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு நல்ல பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். அதில் மூன்று வேதவசனம் கூட இருந்தது. பேசினில் கையை விட்டதும் எல்லாம் கரைந்துபோயிற்று.

"டெல்ரோஸ், அன்னைக்கு மழை வரும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள் டெல்ரோஸ்.

"உனக்குத் தெரியும்னு இல்லை. எனக்குத் தெரியும்னு சொல்றேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். கிளினிக் ஜன்னல்லேருந்து உன் வீட்டுத் துணிக்கொடி தெரியும். மேகம் கறுத்ததும் ஓடிவந்து துணியெல்லாம் எடுத்தே. படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, கடைசிக் கைக்குட்டை வரைக்கும். எடுத்துட்டு, சபை மரத்தடியைத் திரும்பிப் பாத்தே. பாத்துட்டு உள்ள போனே. நீ எதைப் பாத்தேங்கிறது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது."

ஐவரின் தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். "நாலு வருஷமாத் தெரியுமா? சபைக் கூட்டத்துல ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். அப்புறம், இது என் கையிலேயே இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன். என்னைக்காவது உன்னைக் குப்புறத் தள்ள உதவும்னு." டெல்ரோஸ் குரல் தணிந்தது. "இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு, கேட்டுக்கோ. ஜனவரியிலேயே நீ நொண்டுறதைப் பாத்தேன். என்ன நொண்டல்னும் தெரிஞ்சுது. நர்ஸ் நான். ரோட்டைத் தாண்டி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன் விரல் இருந்திருக்கும். வரட்டும், அவளே வந்து என் கதவைத் தட்டட்டும்னு இருந்தேன். ஆறு மாசம் இருந்தேன் ஐவரின். என்னை மன்னிச்சுடு."

மன்னிப்புக் கேட்க வந்தவள் ஐவரின். கொடுக்க வேண்டி வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. சுர்ரென்று கோபம் ஏறியது. என் விரல்! ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தாளா? அந்தக் காலை அப்படியே பேசினில் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. நாலு வருஷம் டெல்ரோஸுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான், உட்கார்ந்த இடத்திலேயே, அவளுக்கு முதல்முறையாகப் புரிந்தது.

"பாவி," என்றாள்.

"ஆமா."

"நானும்தான்." மூச்சு வாங்கியது. "மன்னிச்சேன்னு சொல்ல வாய் வரலை. கொஞ்சம் பொறு."

"பொறுக்கிறேன். தண்ணிதான் ஆறுது."

ஐவரின் கழுவினாள். முதல் காலைக் கழுவி முடிக்கிறவரை வார்த்தை வரவில்லை. இரண்டாவது காலில் வந்தது.

"மன்னிச்சேன் டெல்ரோஸ். நீயும் என்னை மன்னிச்சுடு."

"எனக்குப் பண்ணினதை மன்னிச்சாச்சு. அன்னைக்கு உன் காலை மடியில வெச்சுக்கிட்டு வேற என்ன பண்ண முடியும்?" டெல்ரோஸ் மூக்கை உறிஞ்சினாள். "டெவானுக்குப் பண்ணினது என் கணக்குல இல்லை. அதை நான் மன்னிக்க முடியாது. அவன்கிட்டத்தான் கேக்கணும்."

"கேக்கிறேன். நாளைக்கே முதல் மினிபஸ்ல போறேன். மூஞ்சியில கதவைச் சாத்தினா?"

"சாத்துவான். என் புள்ளைதானே. வாசல்லேயே உக்காருவோம்."

"உக்காருவோமா? நீயும் வர்றியா?"

"பின்னே? உன்னைத் தனியா அனுப்பினா மூணு வசனம் சொல்லி அவனை ஊரை விட்டே ஓட்டிருவே."

ஐவரின் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையுமாகத் துண்டை எடுத்து, டெல்ரோஸின் காலை மறுபடி மடியில் வைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக, இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்தாள்.